கைமாற்றை முதலில் அடைப்பதா, கார்டை முதலில் அடைப்பதா?

டோம்பிவிலி வாசி

அனைவருக்கும் வணக்கம். பதினான்கு மாதங்களாகக் கடன் அடைத்து வருகிறேன். திருநெல்வேலியில் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த அதே சமயத்தில், அம்பர்நாத்தில் என் கணவர் வேலை பார்த்த பட்டறையும் மூடப்பட்டு, நான்கு மாதம் ஒரே சம்பளத்தில் குடும்பம் ஓடியது. சிகிச்சைக்கு வங்கியில் கடன் வாங்கினோம். வீட்டுச் செலவுக்கு கிரெடிட் கார்டைத் தேய்த்தோம். இப்போது அவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. இருவருக்கும் சேர்த்து மாதம் 60,000 ரூபாய் கைக்கு வருகிறது, வாடகை 14,000.

கடன் விவரம் இது. தனிநபர் கடன் 5,00,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 14 சதவீதம், ஐந்தாண்டுக் காலம், மாதத் தவணை 11,634. கார்டில் நிற்பது 1,86,000. அதற்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி, குறைந்தபட்சத் தொகையாக 9,300 கட்டுகிறேன். மூன்றாவது, அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவர், ஒரு தாள்கூட எழுதி வாங்காமலும் வட்டி பேசாமலும் கொடுத்த கைமாற்று 40,000. இவை எல்லாம் போக மாதம் ஐயாயிரம் ரூபாயை எப்படியோ ஒதுக்க முடிகிறது. வட்டி தின்னும் கார்டில்தான் அதைப் போட வேண்டும் என்கிறார் கணவர். கணக்குப்படி அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் தினமும் மதியம் டப்பாவைத் திறக்கும்போது அந்த மனிதரின் முகத்தை நான்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பெரிய செலவுகளை எல்லாம் நிறுத்திவிட்டோம். முதல் வகுப்பு பாஸை விட்டுவிட்டு இரண்டாம் வகுப்புப் பெண்கள் பெட்டிக்கு வந்துவிட்டேன். முதுகு ஒடிந்தாலும், வெந்தயக் கீரையை ஆய்ந்துகொண்டே குடும்பக் கதை பேசும் அந்தக் கூட்டத்தில் எனக்கு இப்போது ஓர் இடம் கிடைத்திருக்கிறது. என்னை அசைப்பவை சிறியவைதான். கிளிப், தோடு, ரப்பர் பேண்ட் எல்லாம் தொங்கும் அட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் பெட்டிக்குள் வருவாள். இருபது ரூபாய்த் தோடு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி மாட்டும்போது, ஐந்து லட்சம் கடனைவிட அந்த இருபது ரூபாய்தான் அதிகமாக வலிக்கிறது. போன மாதம் தவணை நாளன்று கணக்கில் 212 ரூபாய் குறைந்துபோனதால் தவணை திரும்பி, வரியோடு 590 ரூபாய் அபராதம் விழுந்தது. அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. அந்த நேரம் பார்த்து, 'ஐந்து நிமிடத்தில் கடன்' என்று செயலிகளிலிருந்து குறுஞ்செய்திகளும் வந்துகொண்டே இருக்கின்றன.

இதற்கு நடுவில் வைகாசியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். நாங்கள் மும்பையில் இருப்பதால் சுருள், அதாவது மொய்ப் பணம், கனமாக வைக்க வேண்டும் என்பது ஊரின் எதிர்பார்ப்பு. எங்கள் கடன் ஊரில் யாருக்கும் தெரியாது. எதை முதலில் அடைப்பது, கல்யாணத்தை எப்படிச் சமாளிப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மாட்டுங்கா பெரியவர்

அம்மா, முப்பத்தோரு ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கட்டும் 9,300 ரூபாயில் வட்டிக்குப் போவது 6,510. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,172. ஆக, கடன் குறைவது ஏறத்தாழ 1,600 ரூபாய்தான். நிலுவை குறையக் குறைய அந்தக் குறைந்தபட்சத் தொகையும் சேர்ந்தே குறையும் என்பதால், கேட்டதை மட்டும் கட்டிக்கொண்டு போனால், புதிதாக ஒரு பைசாகூடத் தேய்க்காவிட்டாலும், இந்தக் கடன் பாதியாவதற்கே ஆறரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்தத் தொகைக்கு 'குறைந்தபட்சம்' என்று பெயர் வைத்தவர் கெட்டிக்காரர். கட்டியவருக்குக் கடமை முடிந்தது போன்ற நிம்மதியைக் கொடுத்துவிடுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். முந்தைய நிலுவை நிற்கிற வரை, புதிதாக வாங்குகிற ஒரு கிலோ அரிசிக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். எனவே அந்தக் கார்டை இனிமேல் கடையில் நீட்டாதீர்கள்.

வீட்டில் நகை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அடகு வைப்பதில் வெட்கமே வேண்டாம். வங்கியில் ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டிக்கு நகைக்கடன் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 1,86,000 ரூபாய்க்கு முதல் மாத வட்டி 1,550 ரூபாய். கார்டு வட்டியைப் போல அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் கிடையாது. இப்போது கார்டுக்குக் கட்டும் அதே 9,300 ரூபாயை, ஒரு ரூபாயும் குறைக்காமல், நகைக்கடனுக்குக் கட்டி வந்தால் 22 மாதங்களில் நகை வீட்டுக்கு வந்துவிடும். பெரும்பாலான நகைக்கடன்கள் ஓராண்டுத் தவணையில்தான் தரப்படுகின்றன. ஆண்டு முடிவில் புதுப்பிக்க மறந்தால் அறிவிப்பு அனுப்பிவிட்டு ஏலத்துக்குப் போவார்கள். ஆகவே அந்தத் தேதியை நாள்காட்டியில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நகையை வைத்துக் கார்டை அடைத்தவர்களில் பலர், கார்டு காலியாகிவிட்டது என்ற தெம்பில் மறுபடியும் தேய்த்து, இரண்டு கடனையும் சுமந்ததை நான் கவுன்டரிலேயே பார்த்திருக்கிறேன். நிலுவையை முழுவதும் கட்டிய அன்றே கார்டை மூடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். கோரிக்கை கொடுத்த ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி.

தனிநபர் கடனை இப்போது தொட வேண்டாம். முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் இருக்கிறதா என்று ஒப்பந்தத்தை மட்டும் படித்து வையுங்கள். உங்கள் மனத்துக்கு ஒரு கணக்கும் தருகிறேன். முதல் தவணையில் நீங்கள் கட்டிய 11,634 ரூபாயில் அசலுக்குப் போனது 5,801 மட்டுமே. அடுத்துக் கட்டப்போகும் பதினைந்தாவது தவணையில் 6,823 ரூபாய் அசலுக்குப் போகும். கட்டுகிற தொகை அதேதான், ஆனால் அதன் கடி ஆழமாகிக்கொண்டே வருகிறது. வங்கிக்கு எழுதித் தவணைத் தேதியைச் சம்பள நாளுக்கு இரண்டு மூன்று நாள் பின்னால் மாற்றிக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள்; அந்த 590 ரூபாய் இன்னொரு முறை போக வேண்டாம். கைமாற்றைப் பொறுத்தவரை, வட்டியில்லாத கடன் கடைசியில்தான் வர வேண்டும் என்பது என் கருத்து.

கோலிவாடா அக்கா

பெரியவர் சொன்ன கணக்கில் குறை சொல்ல எனக்குப் படிப்பில்லை. ஆனால் கடைசி வரியை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வட்டி கேட்காதவர் என்பதால் அவருக்குப் பணம் தேவைப்படாது என்று நாமே முடிவு செய்துகொள்வது நியாயமா? தங்கச்சி, நீ அவரிடம் பேசாமல் இருக்கிறாய், அவர் உன்னிடம் கேட்காமல் இருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சுவரை எழுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். நாளைக்கே போய், 'அண்ணா, உங்களுக்கு எப்போது தேவைப்படும்?' என்று ஒரே ஒரு கேள்வி கேள். பத்து வருடத்துக்கு முன் நான் இப்படித்தான் பக்கத்து வீட்டம்மாவிடம் 12,000 வாங்கிவிட்டு, அவர் வாசலில் நின்றால் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். ஏழு மாதம் சந்தில் நடந்த பிறகுதான் தெரிந்தது, அவர் வாசலில் நின்றது கடனுக்காக அல்ல, தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதற்காக.

நகை விஷயத்தில் பெரியவர் சொல்வதுதான் சரி. கல்யாணத்தில் வெறும் கழுத்தோடு நிற்க வேண்டுமே என்று தயங்காதே. சிதம்பரம் கவரிங்கில் ஒரு செயின் வாங்கிப் போட்டுக்கொள். மண்டபத்து வெளிச்சத்தில் எது எட்டுப் பவுன் எது எண்ணூறு ரூபாய் என்று உரசிப் பார்க்கவா போகிறார்கள்? என் தங்கை கல்யாணத்தில் நான் அப்படித்தான் நின்றேன். செயின் அழகாக இருக்கிறது, எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்ட சித்தியிடம்தான் திணறிப்போனேன்.

சுருளுக்கு வீட்டில் பழைய மொய் நோட்டை எடுத்துப் பார். உன் கல்யாணத்துக்கு நாத்தனார் வீட்டில் எவ்வளவு வைத்தார்களோ, அதன் மேல் ஆயிரமோ இரண்டாயிரமோ சேர்த்து வைத்தால் முறை முடிந்தது. மும்பைக்காரர் என்பதற்காகத் தனிக் கட்டணம் எந்த ஊர் வழக்கத்திலும் இல்லை. நாத்தனாரிடம் மட்டும் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடு. அவரும் கல்யாணக் கடனில்தான் இருப்பார், உன்னைவிட அவருக்கு நன்றாகப் புரியும்.

இன்னொன்று. பெண்கள் பெட்டியில் யாராவது பிஷியில் சேரச் சொல்வார்கள், நம் சீட்டு மாதிரிதான். கடன் முடிகிற வரை சேராதே. முதலிலேயே எடுத்துவிடலாம் என்று ஆசை வரும், அப்புறம் அதுவும் இன்னொரு தவணையாகிவிடும்.

முலுண்டிலிருந்து ஒருவன்

செயலிக் கடன் என்று படித்ததால் எழுதுகிறேன். கார்டை அடைக்கச் செயலியில் வாங்கி, அந்தச் செயலியை அடைக்க இன்னொன்றில் வாங்கி, நான்கு செயலிகள் வரை போனவன் நான். ஒரு தவணை தவறியதும் என் கைப்பேசியில் இருந்த எண்களுக்கெல்லாம் அழைத்தார்கள். என் மகனின் பள்ளி வேன் ஓட்டுநருக்குக்கூட அழைப்பு போயிற்று. கடன் செயலிகள் தொடர்பு எண் பட்டியலைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருப்பது எனக்கு அப்போது தெரியாது. வசூல் முகவர்கள் காலை எட்டு மணிக்கு முன்பும் இரவு ஏழு மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது என்பதும் தெரியாது. வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம்.

கடைசியில் ஒரு வங்கியில் பாதித் தொகைக்குப் பேசி முடித்தேன். விட்டது தொல்லை என்று நினைத்தேன். ஆனால் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'முடிக்கப்பட்டது' என்பதற்குப் பதில் 'செட்டில்டு', அதாவது முழுதும் கட்டாமல் பேசித் தீர்த்தது, என்று பதிந்துவிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து வீட்டுக்கடன் கேட்டபோது மேலாளர் அந்த ஒரு சொல்லைத்தான் விரலால் காட்டினார். நீங்கள் இதுவரை பெரிதாகத் தவறவில்லை, அதை அப்படியே காப்பாற்றிக்கொள்ளுங்கள். அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகவே எடுத்துப் பார்க்கலாம்.

டோம்பிவிலி வாசி

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அக்கா சொன்னபடி அவரிடம் கேட்டேன். நான்கு நாள் வார்த்தை வராமல் தள்ளிப்போட்டு, ஐந்தாம் நாள் தேநீர் நேரத்தில் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து சின்ன டைரி ஒன்றை எடுத்தார். நான் பணம் வாங்கிய தேதி அதில் இருந்தது. மறந்துவிட்டார் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஜூனில் பள்ளி திறக்கும்போது மகளைப் புதுப் பள்ளியில் சேர்ப்பதற்கு 15,000 வேண்டும், மீதியைத் தீபாவளிக்குப் பிறகு எப்போது கொடுத்தாலும் சரி என்றார். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் ஐயாயிரம் அவருக்குத்தான். முதல் ஐயாயிரத்தை அன்றே கொடுத்தேன். அவர் எண்ணவில்லை, டைரியில் மட்டும் எழுதிக்கொண்டார்.

அம்மா போட்ட செயினை வங்கியில் வைத்துவிட்டோம். எடை பார்க்கும்போது கொக்கியோரம் ஒட்டியிருந்த மஞ்சளைச் சுரண்டிவிட்டுத் தராசில் வைத்தார் மதிப்பீட்டாளர். அதை மட்டும் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கார்டு நிலுவை முழுவதும் கட்டி, மூடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பி இன்று நான்காவது வேலை நாள். இதுவரை இரண்டு முறை அழைத்து, ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், கார்டை வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிவிட்டார்கள்.

கல்யாணத்துக்குக் கணவர் மட்டும் போகிறார். முன்பதிவு 60 நாள் முன்புதான் திறக்கும் என்பதால் தேதியைக் குறித்து வைத்திருக்கிறோம்; தட்காலுக்குக் கூடுதலாகக் கொடுக்க முடியாது. நாகர்கோவில் ரயிலில் சாதாரணப் படுக்கை வகுப்பு, கல்யாணிலேயே ஏறிக்கொள்ளலாம். நாத்தனாரிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசுவதாக அவர் சொல்லியிருக்கிறார்.

பெரியவருக்கு ஒரு கேள்வி: நகைக்கடனுக்கு மாதாமாதம் கட்டும் பணத்தை வட்டிக்குப் போக மீதியை அசலில் வரவு வைக்கச் சொல்லித் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டுமா, அல்லது அவர்களே வைத்துவிடுவார்களா?

மாட்டுங்கா பெரியவர்

வங்கிக்கு வங்கி மாறும், அம்மா. முதல் மாதம் கட்டியவுடன் கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்கி, அசல் 1,78,250 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் அன்றே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.