புதுப்பிப்பு: கரணையில் இறுகிய கான்கிரீட்டை நீக்கியது

கொத்தனார் சாந்து பூசப் பயன்படுத்தும் பழைய இரும்புக் கரணைகளில் இறுகிப்போயிருந்த கான்கிரீட்டை எப்படி நீக்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் கூறிய வழிகளுள் வினிகரே நன்கு பயன்பட்டது. தடித்த கட்டிகளைச் சுத்தியலால் மெல்லத் தட்டி உதிர்த்தபின், மரப்பிடி நனையாதவாறு தகட்டை மட்டும் இரவு முழுவதும் வெள்ளை வினிகரில் ஊறவைத்தேன். அமிலம் சிமெண்டின் சுண்ணாம்புச் சேர்மங்களைத்தான் கரைக்கிறது, மணலை அன்று என்பதால், பிடிப்புத் தளர்ந்த மணலைக் கம்பித் தூரிகையால் தேய்த்தே எடுக்க வேண்டியிருந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் இதைவிட விரைவானதுதான். ஆனால் இரும்பையும் அரித்து, மூச்சைத் தாக்கும் புகையையும் விடும் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அலுமினியக் கருவிகளையும் துத்தநாகம் பூசிய சட்டிகளையும் வினிகரில்கூட ஊறவைக்க வேண்டாம். இறுதியில் சமையல் சோடா கலந்த நீரில் அலசி, ஈரமின்றித் துடைத்து, உடனே எண்ணெய் தடவிவிடுங்கள்; அமிலம் பட்ட வெறும் இரும்பில் துரு மிக விரைவில் படரும்.