உருள்பொட்டலுக்கும் (மலைச்சரிவுக்கும்) பூகம்பத்துக்கும் முடிச்சுப் போடலாமா?

பூப்பாறை ஏலத்தோட்டம்:
நேற்று ராத்திரி அலமாரியில் இருந்த எவர்சில்வர் தட்டெல்லாம் இரண்டு நொடி கடகடவென்று ஆடி நின்றது. மாமா சொல்கிறார், மலைக்கு அடியில் நெருப்புக் குழம்பு கொதிக்கிறதாம், அது புரளும்போதுதான் பூமி ஆடுகிறதாம், 2020-இல் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி சரிந்ததும் அதனால்தானாம். எனக்கும் சரி என்றுதான் படுகிறது. மலை சும்மா சரியுமா?

தேவிகுளம் மாஷ்:
தம்பி, தட்டு ஆடியது சின்ன அதிர்வாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. பெட்டிமுடி வேறு கதை. ஆகஸ்ட் 6 ராத்திரி தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் புதைந்து 70 பேர் போனார்கள், அதற்கு முன் நாள்கணக்காக மழை ஊற்றியது. பூகம்பம் என்றால் ஒரு ஓடைக்கரையோடு நிற்காதே! 2000 டிசம்பரில் ஈராட்டுபேட்டைப் பக்கம் 5 அளவில் ஆடியபோது பல மாவட்டங்களில் ஜனங்கள் உணர்ந்தார்கள்.

ஏலச்செடிக்குக் குழி தோண்டியிருப்பீர்கள்தானே? முதலில் செம்மண், அப்புறம் வெங்காயத் தோல் போல உரியும் கல், கையால் நசுக்கினாலே பொடியாகும், அதற்கும் கீழேதான் கடப்பாரை 'ணங்' என்கும். அந்தப் பொடிக்கல்லும் ஒரு காலத்தில் கெட்டிப் பாறைதான். மழைநீர் உள்ளே இறங்கி அதிலிருக்கும் தாதுக்களைக் களிமண்ணாக்கிவிட்டது. பெருமழையில் இந்த மேல்மண் தண்ணீர் குடித்துக் கனக்கும், கீழே பாறை தண்ணீரை விடாது, இடையில் நீர் அழுத்தம் ஏறி மண்ணின் பிடி விடும். சரிவு செங்குத்தாக இருந்தால் போச்சு.

குமுளி செல்வி:
அப்போ மகாராஷ்டிராவில் கொய்னா அணைப் பக்கம் நடந்தது என்ன, மாஷே? அணையில் தண்ணீர் நிரப்பிய சில வருஷத்தில், 1967 டிசம்பர் 11-இல், 6-க்கு மேல் ஆடவில்லையா? நம்மைச் சுற்றியும் அணைகள்தான். மழை, மழை என்று எல்லாவற்றையும் மழை தலையில் போட்டால் எப்படி?

தேவிகுளம் மாஷ்:
கொய்னா சரிதான். தேங்கிய நீரின் பாரமும் விரிசலுக்குள் இறங்கும் அழுத்தமும் ஏற்கெனவே இறுகி நிற்கும் பாறையை நழுவ விடும். பூகம்பத்தால் மலை சரிவதும் உண்டு, இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? பெட்டிமுடிக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

குமுளி செல்வி:
சரி, அந்த நெருப்புக் குழம்பு?

தேவிகுளம் மாஷ்:
நமக்குக் கீழே சுமார் 40 கிலோமீட்டருக்கு மேலோடு. அதற்கடுத்து 2900 கிலோமீட்டர் ஆழம் வரை கவசம், அதுவும் பெரும்பாலும் கெட்டிப் பாறைதான், கோடிக்கணக்கான வருஷக் கணக்கில்தான் அது நகரும். உண்மையில் உருகிக் கிடப்பது அதற்கும் கீழே, வெளிக்கரு, அதில் இருப்பது பெரும்பாலும் இரும்பு. யார் போய்ப் பார்த்தது என்பீர்கள். பூகம்பத்தில் இரண்டாவதாக வரும் எஸ் அலை திரவத்தில் போகாது, பெரிய பூகம்பம் வந்தால் பூமியின் மறுபக்கக் கருவிகளில் அந்த அலை நேராக வந்து சேர்வதில்லை. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

பூப்பாறை ஏலத்தோட்டம்:
மாமாவிடம் முழுசாகப் படித்துக் காட்டினேன் மாஷே. "2900 கிலோமீட்டருக்குக் கீழே உருகித்தானே கிடக்கிறது, நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்கிறார்.