தொப்பிச் சின்னத்து யானை

குன்னூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

என் பெரியப்பா மதராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தொப்பிச் சின்னத்தை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தபோது கேடயமும், குறுக்காக அமைந்த இரு வாள்களும், நடுவில் யானையும் தெளிவாகத் தெரிந்தன. பல ஆண்டுகள் பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் யானையின் கண் மட்டும் மழுங்கிப் போயிருந்தது. "யானை பலத்துக்கு அடையாளமா பெரியப்பா?" என்று கேட்டேன். "பலத்துக்கு இல்லப்பா, அஸ்ஸாயேவுக்கு" என்றார்.

அஸ்ஸாயே இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் உள்ள சிற்றூர். 1803 செப்டம்பர் 23 அன்று, மராட்டிய ஆட்சியாளர்களான சிந்தியாவும் பேராரின் போன்ஸ்லேயும் சேர்த்து நிறுத்திய பெரும்படையை, கிழக்கிந்தியக் கம்பெனியின் தரப்பில் ஆர்தர் வெல்லெஸ்லி நடத்திய சிறிய படை அங்கே எதிர்கொண்டது. கைல்னா ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே ஊர்கள் இருப்பதைக் கண்ட அவர், இடையில் ஆற்றைக் கடக்கும் துறை நிச்சயம் இருக்கும் என்று கணித்துப் படையை அக்கரை சேர்த்தார். பீரங்கிகளை நோக்கி நடந்தவர்களில் ஸ்காட்லாந்துப் படையினரோடு மதராஸ் சிப்பாய்ப் பட்டாளங்களும் இருந்தன. வென்ற தரப்பிலேயே 1,500 பேருக்கு மேல் மாண்டோ காயமுற்றோ போயினர். அந்தக் களத்தில் நின்ற படைகளுக்குத்தான் யானைச் சின்னம் வழங்கப்பட்டது.

கம்பெனிக்காக மராட்டியரை எதிர்த்துப் பெற்ற சின்னத்தைச் சுதந்திர இந்தியா ஏன் சுமக்க வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆயினும் 1950 ஜனவரி 26 முதல் அதிகாரிகளின் தோளிலிருந்து அகற்றப்பட்டது மகுடம். அது அரசரின் அதிகாரத்தைக் குறித்தது, ஆகவே அந்த இடத்துக்கு அசோகச் சிங்கம் வந்தது. யானையோ சிப்பாய்கள் உயிரைக் கொடுத்துச் சம்பாதித்தது. அதைக் களைந்திருந்தால் அவர்களைத்தான் களைந்திருப்போம் என்பது என் உறுதியான எண்ணம். ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இருக்கும் எங்கள் வெலிங்டனும், பின்னாளில் வெலிங்டன் பிரபுவான அதே வெல்லெஸ்லியின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா எழுதியதைப் படித்ததும் உத்தராகண்டின் ராணிகேத் நினைவுக்கு வந்தது. அங்கே குமாவோன் ரெஜிமென்ட்டின் அருங்காட்சியகத்தைப் பார்க்கச் சென்றிருந்தேன். முன்னங்கால்களில் சிலுவையை ஏந்தி எழுந்து நிற்கும் அரைச் சிங்கம் அவர்களுடைய சின்னம். இமயமலை மக்களின் படைக்கு இது எங்கிருந்து வந்தது என்று உடன் வந்த ஓய்வுபெற்ற சுபேதாரிடம் கேட்டேன். ஹைதராபாத் நிஜாமின் அரசவையில் கம்பெனியின் ரெசிடென்ட்டாக, அதாவது பிரதிநிதியாக, இருந்த ஹென்றி ரஸ்ஸலின் குடும்பச் சின்னம் அது என்று விளக்கினார். ரஸ்ஸல் உருவாக்கிய படைப்பிரிவின் வழியில் வந்ததே ஹைதராபாத் ரெஜிமென்ட். 1945இல் அதற்குக் குமாவோன் என்ற பெயர் சூட்டப்பட்டது.

ஒரு களத்தை நினைவுறுத்தும் யானைக்கும், ஒரு தனி மனிதரின் குடும்பத்திலிருந்து வந்த சிங்கத்துக்கும் என் மனத்தில் ஒரே மதிப்பு எழவில்லை. ஆனால் இந்தச் சிங்கத்தை அணிந்தே மேஜர் சோம்நாத் சர்மா 1947 நவம்பரில் காஷ்மீரின் பட்காமில் போரிட்டு மடிந்தார். நாட்டின் முதல் பரம வீர சக்கரம் அவருக்கு வழங்கப்பட்டது. அதன் பிறகு அதை ரஸ்ஸல் குடும்பத்தின் சிங்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.