ரப்பர் தோட்டம் கோல்ஃப் மைதானமான இடத்துக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா?

கானாடுகாத்தான்காரன்:
மலேசியாவில் மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் ஆடக் கூட்டிப்போனார். ஜொகூர் பக்கம். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்களே, அப்போது ஒரு சீனக் குடும்பம் வாங்கியதாம், மகன் காலத்தில் மரத்தை வெட்டிப் புல் போட்டிருக்கிறார்கள், இப்போது பேரன் நடத்துகிறார். எங்கள் ஐயா அந்த வட்டாரத்தில்தான் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாள், அதாவது உதவிக் கணக்கர். ஏழாவது குழிக்கிட்டே பத்துப் பன்னிரண்டு ரப்பர் மரத்தை வரிசை கலையாமல் விட்டிருக்கிறார்கள். பால் வெட்டிய தழும்பு சாய்வாக அப்படியே இருக்கிறது, பால் பிடிக்கும் மங்கு கட்டிய கம்பியைப் பட்டை பாதி விழுங்கிவிட்டது. விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், பின்னால் வந்தவர்கள் சத்தம் போடுகிறார்கள். அன்றைக்கு அடித்த ஒரு பந்தும் ஞாபகமில்லை.

கல்லல் பேத்தி:
உங்கள் ஐயா கணக்கு எழுதினார், சரி. அந்தத் தழும்பைப் போட்டது எங்கள் அப்பத்தா மாதிரி ஆட்கள். விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்களாம். நான் போன இடத்தில் தொழிலாளர் இருந்த லயன் வீடு ஒன்றுகூட இல்லை, கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் மட்டும். பூசாரி ஒரு வாளியைக் காட்டினார், நிறையக் கோல்ஃப் பந்து. பிரகாரத்தில் வந்து விழுவதாம்.

ஓய்வுபெற்ற தேவகோட்டை:
நம்மூரிலும் யாராவது செய்யலாமே என்று உடனே கிளம்புவீர்கள், அதற்குள் சொல்லிவிடுகிறேன். 18 குழிக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும், இங்கே 1970லிருந்து ஐந்து பேர் குடும்பத்துக்கு நில உச்சவரம்பே 15 ஸ்டாண்டர்டு ஏக்கர், நிலத்தின் தரம் பார்த்துப் போடும் கணக்கு. மீறி வாங்கினாலும் சித்திரையில் கண்மாயே வெடித்துக் கிடக்கிறது, புல்லுக்கு எவன் தண்ணீர் விடுவான்? நான் பார்த்தது கொடைக்கானல் மைதானம் ஒன்றுதான், 1895லிருந்து இருக்கிறது, குழிக்குப் பக்கத்தில் காட்டெருமை நின்றது, திரும்பிவிட்டோம். அப்புறம் தம்பி, வீட்டில் ஐயா காலத்து மலேயாக் காகிதம் வைத்த பெட்டி இருந்தால் முதலில் திற. பேரேடு, கிராண்ட் என்கிற நிலப் பத்திரம், கடிதம் எல்லாவற்றையும் போட்டோ எடு, பத்திரத்தில் உள்ள லாட் நம்பரை, அதாவது மனை எண்ணை, தனியாக எழுது, பங்காளிகளுக்கு ஒரு பிரதி கொடு, இல்லாவிட்டால் பின்னால் வம்பு. கரையான் பார்த்துக்கொள். அசலை எவனிடமும் கொடுக்காதே, வக்கீலிடமும்.

கானாடுகாத்தான்காரன்:
அண்ணே, நான் சொத்துக் கேட்டுப் போகவில்லை. கல்லல் அக்கா, அந்தக் கோயில் எந்த ஊர்? ஏழாவது குழியில் நிற்கும்போது எங்கேயோ மணி அடித்தது, மச்சானின் போன் என்று நினைத்துவிட்டேன்.