அவிச்சியை நீங்கள் சந்தித்தது எங்கே?

டிம் பெர்க்லிங் என்கிற ஸ்வீடன் நாட்டு டிஜே, இசையமைப்பாளர் அவிச்சியைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "பட்டனைத் தட்டுகிறவருக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்" என்று யாராவது ஒருவர் கிளம்பிவிடுகிறார். அந்தச் சண்டையைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். அவரை மேடையில் பார்த்தவர்கள், அவர் இசையோடு ஏதோ ஒரு வகையில் பழகியவர்கள், அனுபவத்தை எழுதுங்களேன். நானே தொடங்குகிறேன்.

2018 ஏப்ரலில் ஸ்டாக்ஹோமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 20ஆம் தேதி, ஓமனின் மஸ்கட் நகரில் அவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. வயது 28. மறுநாள் செர்கெல் சதுக்கத்தில் கூட்டம் கூடுகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம்கூடப் பேசத் தயங்குகிற ஊர் அது. அங்கே முன்பின் தெரியாதவர்கள் தோளில் கை போட்டு நின்றார்கள். ஒரு நிமிட மௌனம். அது முடிந்ததும் பாட்டைப் போட்டார்கள், சதுக்கமே ஆடியது. ஆடிக்கொண்டே அழுதவர்களும் உண்டு. அந்த நாட்களில் ஓஸ்கார் தேவாலயத்தின் மணிகளிலும் அவர் மெட்டுகளை ஒலிக்கவிட்டார்கள். மேளமோ பாஸோ இல்லாமல், வெறும் மணியோசையிலும் பாட்டு இன்னதென்று அடையாளம் தெரிந்தது. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அப்போதுதான். அதற்கு முன் கிளப்பில் ஓடும் சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன்.

*

அக்கா, அந்த மணி விஷயத்தைத்தான் நானும் சொல்ல வந்தேன். நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அவரைப் போலவே எஃப்எல் ஸ்டுடியோ என்கிற கணினி இசை மென்பொருளில் வேலை செய்கிறவன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் முதலில் பயிற்சிக்காக அவருடைய 'லெவல்ஸ்' பாட்டைப் பிரித்துப் பார்த்து மறுபடி கட்டுவார்கள். நானும் கட்டினேன்.

சி ஷார்ப் மைனர், ஈ, பி, ஏ. நான்கே கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்), பாட்டு முழுக்க அதுவேதான் சுற்றிச் சுற்றி வருகிறது. வேகம் நிமிடத்துக்கு 126 தாள அடி, அதாவது அரை நொடிக்கும் சற்றுக் குறைவான இடைவெளியில் ஒரு கிக், பெரிய டிரம்மின் அடி. ஒவ்வொரு கிக் விழும்போதும் மற்ற ஒலிகள் ஒரு கணம் அமுங்கி, அடுத்த கணம் மேலே வருகின்றன. சைட்செயின் என்பது இதுதான். பாட்டு மூச்சு விடுவது போலத் தோன்றுவதற்கு இதுதான் காரணம். இதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய சங்கதி.

கற்றுக்கொள்ள முடியாதது அந்த மெட்டு. பியானோ ரோலில், அதாவது மென்பொருளில் சுரங்களை அடுக்கும் கட்டத்திரையில், மவுஸால் சுரங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்கள்தான் தெரியும், சிக்கலாக ஒன்றுமே இருக்காது. ஒரே ஒரு சுரத்தை நகர்த்திப் பாருங்கள், பாட்டு செத்துவிடும். நான் நகர்த்திப் பார்த்தேன். இரண்டு மூன்று சிந்த்தில் (மின்னணு ஒலிக்கருவியில்) அதே மெட்டை அடுக்கினால் ஒலி தடிக்கும், சரி. ஆனால் அடுக்குவதற்கு முதலில் மெட்டு வேண்டுமே! நடுவில் தாளம் எல்லாம் விலகி ஒரு பெண் குரல் வரும் இல்லையா, அது எட்டா ஜேம்ஸ் 1962இல் பாடிய பாட்டிலிருந்து எடுத்தது. ஐம்பது வருடப் பழைய குரலை எங்கே நிறுத்தினால் எடுபடும் என்று தெரிந்து வைத்திருந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்றோ இருபத்திரண்டோ. 2011இல் முறைப்படி வெளியாவதற்கு முன்பே பெயர் வைக்காத பாட்டாக இது டிஜேக்கள் மத்தியில் சுற்றிக்கொண்டிருந்தது.

*

நான் 2013 மார்ச்சில் மியாமியில் அல்ட்ரா என்கிற மின்னணு இசை விழாவில் இருந்தேன். நல்ல கூட்டம், எல்லோரும் அடுத்த டிராப், அதாவது தாளம் மொத்தமாக வந்து விழும் இடம், எப்போது என்று கையைத் தூக்கிக் காத்திருக்கிறார்கள். மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? கிடார், பாஞ்சோ என்று வாத்தியக்காரர்களை மேடைக்குக் கூப்பிட்டார். பாடகர்கள் டான் டிமின்ஸ்கி, ஆட்ரா மே, அலோ பிளாக், இன்குபஸ் ராக் குழுவின் மைக் ஐன்சிகர் எல்லாம் வந்தார்கள். அமெரிக்க நாட்டுப்புறப் பாணியில் ஒரு கச்சேரி நடந்தது. என் பக்கத்தில் நின்றவன் "தப்பான மேடைக்கு வந்துவிட்டோமா" என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஒரு பகுதியினர் தண்ணீர் வாங்கக் கிளம்பிவிட்டார்கள். அன்றிரவு இணையத்தில் கிழிகிழியென்று கிழித்தார்கள்.

அன்று அலோ பிளாக் பாடிய 'வேக் மீ அப்' ஜூனில் வெளியாகி நாடு நாடாக முதலிடம் பிடித்தது. கேலி செய்தவர்களில் எத்தனை பேர் கல்யாண வீடுகளில் அதற்கு ஆடினார்களோ! எனக்கும் அன்று பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். இன்றைக்கும் அந்த மேடை ஏற்பாடு சொதப்பல் என்றுதான் சொல்வேன். பாட்டு நன்றாக இருந்தது, கூட்டத்தை அதற்குத் தயார் செய்யவில்லை. அவருக்குக் கூட்டத்தைக் கையாளத் தெரியாது, பாட்டு எழுதத்தான் தெரியும் என்பது என் கட்சி.

*

கட்சி சரிதான். நான் சில வருடம் விழா மேடைகளில் ஒலியமைப்பு வேலை செய்தவன், அவிச்சியின் மேடைகளில் அல்ல, பொதுவாகச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் இரண்டு வேலையை ஒரே ஆள் தலையில் கட்டுகிறார்கள். பாட்டு உருவாக்குவது தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை, ஹெட்போன் மாட்டிக்கொண்டால் சாப்பாடுகூட நினைவிருக்காது. பணம் வருவதோ மேடையில்தான். விமானம், ஹோட்டல், ஒன்றரை மணி நேரம் மேடை, மறுபடி விமானம். கூச்ச சுபாவக்காரன் ஐம்பதாயிரம் பேர் முன்னால் போக வேண்டும். உடைமாற்றும் அறையில் மது பாட்டில்கள் வரிசையாக இருக்கும், யாரும் காசு கேட்க மாட்டார்கள். போகிற ஊரிலெல்லாம் அதுதான்.

2012இல், 22 வயதில், அவர் கணைய அழற்சியோடு நியூயார்க் மருத்துவமனையில் கிடந்தார். 2014இல் பித்தப்பையையும் குடல்வாலையும் எடுத்தார்கள். அந்த வருடம் மியாமி அல்ட்ராவில் அவர் இடத்தில் டெட்மாவ்5 என்கிற இன்னொரு இசைக்கலைஞர் வாசித்தார். எட்டு வருடத்தில் மொத்தம் 800க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். இந்தக் கணக்கைப் போட்டு தேதிகளை ஒப்புக்கொண்டவர்கள் யாரும் மேடை ஏறவில்லை.

*

கடைசி நிகழ்ச்சி நான் பார்த்தேன். இபிசா தீவில் உஷுவாயா என்கிற ஹோட்டல் கிளப், 2016 ஆகஸ்ட் 28. திறந்தவெளி, நடுவில் நீச்சல் குளம், சுற்றி ஹோட்டல் பால்கனிகள். அந்த வருட மார்ச்சிலேயே மேடையை விடுகிறேன் என்று அறிவித்துவிட்டதால் எல்லோருக்கும் தெரியும். சோகமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன், அப்படி ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை முடிகிற நாள் போல இருந்தார். பெரிய பேச்சு கிடையாது, அழுகை கிடையாது. திரையில் கண்ட முகத்தை வைத்துச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தார். என்னோடு வந்த நண்பர் "இனிமேல் நல்லா பாட்டு போடுவான் பாரு" என்றார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம்.

*

போட்டாரே. இறப்பதற்கு முன் செய்துகொண்டிருந்தவற்றைத்தான் சாலெம் அல் ஃபக்கீர், வின்சென்ட் பொன்டாரே, கார்ல் ஃபால்க் முதலிய கூட்டாளிகள் முடித்துக்கொடுத்து 2019 ஜூனில் 'டிம்' என்ற ஆல்பமாக வந்தது. அதன் வருமானம் குடும்பம் தொடங்கிய அறக்கட்டளைக்குப் போகிறது, மனநலத்துக்கும் தற்கொலைத் தடுப்புக்கும் உழைக்கிற அமைப்பு.

அதே வருடம் டிசம்பர் 5ஆம் தேதி ஸ்டாக்ஹோம் ஃபிரண்ட்ஸ் அரீனாவில் நினைவுக் கச்சேரி. போயிருந்தேன். மியாமியில் தண்ணீர் வாங்கப் போனார்கள் என்று மேலே எழுதியிருக்கிறார் இல்லையா, அதே ஏற்பாடுதான் இங்கேயும். பெரிய வாத்தியக் குழு, பாட்டுகளை முதலில் பாடியவர்களே மேடையில். டான் டிமின்ஸ்கி 'ஹே பிரதர்' தொடங்கினதும் பின்வரிசை வரைக்கும் பாடினார்கள். எனக்குப் பின்னால் ஒரு அப்பா, ஏழெட்டு வயதுப் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். பையனுக்கு எல்லா வரியும் மனப்பாடம், அப்பா உளறிக்கொண்டிருந்தார்.

*

டான் டிமின்ஸ்கி அங்கே எந்த வாத்தியம் வைத்திருந்தார், கிடாரா மாண்டலினா? அந்தப் பாட்டைத்தான் இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறேன். நேரில் கேட்டதில் தாளம் பதிவில் உள்ள அதே வேகம்தானா, கொஞ்சம் தளர்த்தியிருந்தார்களா? யாரிடமாவது வீடியோ இருந்தால் கொடுங்கள்.