கௌசல்யாவின் கொம்பு எங்கே நிற்க வேண்டும்?

கரிசல் (வெள்ளி, இரவு 10.40)

புதிதாகச் சேர்ந்திருக்கும் இருவருக்காகக் கொஞ்சம் முன்கதை. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கான எழுத்து விளையாட்டு ஒன்றை ஆறு பேராக ஓய்வு நேரத்தில் எழுதி வருகிறோம். வரைகலைக்கு ரேலிப் என்ற நிரலகம் (நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு). அதில் எழுத்துருவை ஏற்றும்போது தனியாக எதுவும் சொல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக 95 மட்டுமே வரும். 'வணக்கம்' என்று எழுதினால் திரையில் ஏழு கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். யூனிகோடின் தமிழ்ப் பகுதியையும் ஏற்றச் சொன்னால் கேள்விக்குறிகள் போய்விடும். வேறு கூத்து தொடங்கும். 'கை' என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'கு' என்றால் ககரம் ஓரிடம், உகரக்குறி ஓரிடம்.

நேற்று என் அக்கா மகள் கௌசல்யாவைத் தன் பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னேன். முதலெழுத்தே உடைந்து வந்தது. "மாமா, நான் சரியாகத்தானே அடித்தேன்?" என்று விசைப்பலகையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். எழுத்துக் கற்றுக்கொடுக்கும் விளையாட்டில் பிள்ளைக்குத் தன் எழுத்தின் மேலேயே சந்தேகம் வருகிறது.

என் முன்மொழிவு இது. குறியெண்களைச் சரியான எழுத்து வடிவங்களாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நிரலகத்தை ரேலிப்பின் மையத்திலேயே சேர்த்து, அதை ஏற்றுக்கொள்ளும்படி மூலத் திட்டத்துக்கு இணைப்புக் கோரிக்கை அனுப்புவோம். ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆஃபிஸ் எல்லாமே எழுத்துகளை அதன் துணையோடுதான் கோக்கின்றன. உரிமமும் தடையில்லை.

பழைய டர்போ (வெள்ளி, இரவு 11.15)

தம்பி, நோய் சரி, மருந்து தவறு. மையத்தில் சேர்ப்பதை எதிர்க்கிறேன்.

என் தலைமுறைக்கு வரைகலை என்றால் போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி. ஆய்வகத்தில் பத்து வரி எழுதி வட்டம் வரைவோம். கோப்பகத்தின் பாதையை ஓர் எழுத்து மாற்றி எழுதிவிட்டால் 'கிராஃபிக்ஸ் நாட் இனிஷியலைஸ்டு' என்று கறுப்புத் திரை சொல்லும். அந்த ஒரு தொல்லையைத் தவிர வேறு சிக்கல் கிடையாது. ரமோன் சாந்தாமரியா 2013-இல் ரேலிப்பை வெளியிட்டபோது அந்தப் பழைய போர்லாண்ட் நிரலகத்தைத்தான் முன்மாதிரிகளில் ஒன்றாகச் சொன்னார். நிரல் எழுதியே பழகாத ஓவிய மாணவர்களுக்குக் கற்பிக்க உருவானது அது. வெளிச் சார்புகள் இல்லை, தேவையானதெல்லாம் உள்ளேயே இருக்கிறது என்பது அதன் முகப்பிலேயே எழுதியிருக்கும் வாக்குறுதி. முழுக்க சி மொழி. ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகத்தின் 1.1 பதிப்பு மட்டுமே தெரிந்த பழைய கணினியிலும் ஓடும். நாம் விளையாட்டைக் கொண்டுபோகும் பள்ளிகளில் இருப்பவை அந்த மாதிரிக் கணினிகள்தாம்.

அதற்குள் சி++ இல் எழுதிய பெரிய நிரலகம் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தால் ஏற்க மாட்டார்கள். நானே பராமரிப்பாளராக இருந்தாலும் ஏற்க மாட்டேன்.

மூன்றுசுழி (சனி, காலை 7.05)

இரண்டு பேரும் ஈயை அடிக்கப் பீரங்கியைப் பற்றிப் பேசுகிறீர்கள். தமிழ் என்ன இந்தி மொழியா, மலையாளமா? கூட்டெழுத்துச் சிக்கல் நமக்கு மிகக் குறைவு. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு மூன்றையும் முன்னால் தள்ள வேண்டும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றையும் இரண்டாக உடைத்து மெய்யின் இருபுறமும் வைக்க வேண்டும். ஐம்பது வரிகளில் முடிந்துவிடும். 1990-களின் கடைசியில் திஸ்கி குறியாக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்து வைத்தார்கள்; எழுத்துக் கோக்கும் எந்தப் பொறியும் இல்லாமல் தமிழ் தெரிந்தது. திரையில் வரையும் நொடியில் மட்டும் யூனிகோடை அந்த வரிசைக்கு மாற்றிக்கொள்வோம். நேற்று இரவே எழுதிப் பார்த்தேன், 'கை' சரியாக வருகிறது.

அச்சுக்கோப்பு (சனி, காலை 9.30)

மூன்றுசுழி, 'கை' வரும். 'கு' வருகிறதா?

எழுத்துரு வரைபவள் என்ற முறையில் சொல்கிறேன். கொம்பை நகர்த்துவது பாதி வேலைதான். யூனிகோடில் 'கு' என்ற எழுத்துக்குத் தனிக் குறியெண் கிடையாது. ககரத்துக்கு ஒன்று, உகரக்குறிக்கு ஒன்று, அவ்வளவுதான். அந்த இரண்டும் சேர்ந்தால் எந்த வடிவத்தை வைக்க வேண்டும் என்பதை எழுத்துருக் கோப்பினுள் பதிலீட்டு அட்டவணை ஒன்றில் எழுதி வைக்கிறோம். பதினெட்டு மெய்க்கும் உகரம், ஊகாரம் என 36 வடிவங்கள். அதற்கு மேல் டி, டீ, க்ஷ, ஸ்ரீ. நான் நாள்கணக்கில் உட்கார்ந்து வரைவது இவற்றைத்தான். ரேலிப் எழுத்துருவைப் படிக்கப் பயன்படுத்தும் எஸ்டிபி ட்ரூடைப் அந்த அட்டவணையைத் திறந்தே பார்ப்பதில்லை. உங்கள் ஐம்பது வரி எவ்வளவு திறமையாக வரிசை மாற்றினாலும் அந்த வடிவம் கோப்புக்குள் பூட்டிய அறையிலேயே கிடக்கும்.

(1978 சீர்திருத்தத்தில் ணா, னை போன்ற பதின்மூன்று எழுத்துகளை எளிமையாக்கியவர்கள் உகரத்தில் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் இந்த விவாதமே இருந்திருக்காது. என் வேலையும் பாதியாகியிருக்கும். ஆனால் 'கு'வின் அந்த வளைவை இழந்திருப்பேன், வேண்டாம்.)

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'கௌ'வில் வலப்பக்கம் ளகரத்தையே போட்டிருக்கிறீர்கள். அது ளகரம் அல்ல, ஔகாரக்குறியின் பின்பாதி. அதற்குத் தனிக் குறியெண் இருக்கிறது. பார்வைக்கு இரட்டைப் பிறவிகள் போலத் தெரிந்தாலும் வேறு வேறு எழுத்துகள்.

மூன்றுசுழி (சனி, காலை 10.10)

ளகரத்தில் மாட்டிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன் அக்கா. ஆனால் உகரத்துக்கு வழி இருக்கிறது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து அறிவித்த டேஸ்16 குறியாக்கத்தில் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் உண்டு. அந்த எழுத்துரு ஒன்றை எடுத்துக்கொண்டு, சேமிப்பு யூனிகோடில், காட்சி மட்டும் டேஸில் என்று வைத்துக்கொண்டால் ரேலிப்பில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம்.

அச்சுக்கோப்பு (சனி, காலை 10.45)

கெட்டிக்காரத்தனம்தான், நமது விளையாட்டுக்கு மட்டும் என்றால் நாளையே ஓடிவிடும். ஆனால் டேஸ்16 உட்கார்ந்திருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். அங்கே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். எனக்குப் பிடித்த யூனிகோடு எழுத்துரு எதிலும் அந்த இடங்களில் எழுத்து இருக்காது. நீங்கள் தேர்ந்தெடுப்பது குறியாக்கம் மட்டுமல்ல, கையளவு எழுத்துருக்களையும் சேர்த்துத்தான்.

கரிசல் (சனி, மதியம் 12.20)

பழைய டர்போ அண்ணனுக்குத்தான் என் பதில். ஹார்ஃப்பஸ் பெரியது என்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டிய ஒரே மூலக் கோப்பாகவும் அது கிடைக்கிறது. தொகுக்கும்போது ஒரு வரையறையைக் கொடுத்தால் வேண்டாத பகுதிகளை உதிர்த்துச் சிறியதாகிவிடும். சி++ என்றாலும் அந்த மொழியின் நிலையான நிரலகத்தைத் தூக்கிக்கொண்டு வராது.

என்னை உறுத்துவது வேறு. ஆங்கிலத்துக்கு வேண்டியது மையம், தமிழுக்கு வேண்டியது கூடுதல் வசதி என்று யார் பிரித்தார்கள்? எழுபதுக்கும் மேற்பட்ட நிரல்மொழிகளுக்கு ரேலிப்பில் இணைப்பு இருக்கிறது. நிரல்மொழிக்கு இருக்கும் இடம் பேசும் மொழிக்கு இல்லையா?

பழைய டர்போ (சனி, மதியம் 1.50)

வசனம் நன்றாக இருக்கிறது. அந்த இணைப்புகளில் பெரும்பாலானவற்றை வெளியே இருப்பவர்கள் அவரவர் களஞ்சியத்தில் வைத்துப் பராமரிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன உதாரணமே என் பக்கம்தான் பேசுகிறது.

இப்போது நிரலுக்கு வருவோம். ரேலிப் ஒவ்வொரு எழுத்தின் படத்தையும் அதன் குறியெண்ணின் பெயரில் அடுக்கி வைக்கிறது. ஹார்ஃப்பஸ் குறியெண் பேசாது; 'இந்த எழுத்துருவின் 143-ஆம் வடிவத்தை இங்கே வை, இவ்வளவு நகர்த்து' என்று வடிவ எண்ணைத்தான் சொல்லும். இரண்டும் கை குலுக்க வேண்டுமானால் எழுத்துரு அமைப்பையே மாற்ற வேண்டும். அதை மாற்றினால் உரையின் அகலத்தை அளக்கும் செயற்கூறு மாறும், வரையும் செயற்கூறு மாறும், அத்தனை மொழி இணைப்புகளும் உடையும். ஒரு சனிக்கிழமை உற்சாகத்தில் அனுப்பிவிடலாம். ஹார்ஃப்பஸின் அடுத்த பதிப்பு வரும்போது யார் உட்கார்ந்து ஒட்டுவார்கள்? சென்ற ஆண்டு ஒலிப் பகுதிக்கு நீங்கள் அனுப்பிய திருத்தம் என்ன ஆயிற்று? மூன்று மாதத்தில் உங்களுக்கு வேலை மாறியது, இரவுகளில் அதைச் சரிசெய்தது நான்.

கரிசல் (சனி, மதியம் 2.05)

அதை இங்கே எடுத்திருக்க வேண்டியதில்லை.

பழைய டர்போ (சனி, மதியம் 2.12)

எடுத்திருக்க வேண்டியதுதான். சம்பளமில்லாத வேலையில் நேரம்தான் பணம். ஆனால் தனியே சொல்லியிருக்கலாம், அது என் தவறு.

வடலி (சனி, மாலை 6.30)

நான் எஸ்டிஎல் என்ற இன்னொரு வரைகலை, விளையாட்டு நிரலகத்தின் பக்கத்து ஆள், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சாம் லாண்டிங்கா 1998-இல் தொடங்கிய அந்த நிரலகத்தில் இந்தச் சண்டைக்கு இடமே இல்லாத ஒரு பிரிவினை ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. சாளரம், விசை, ஒலி மையத்தில். எழுத்துரு வேலை தனியாக ஒரு துணை நிரலகத்தில். அந்தத் துணை நிரலகத்தைத் தொகுக்கும்போது ஹார்ஃப்பஸ் வேண்டுமா வேண்டாமா என்று நாமே முடிவு செய்கிறோம். எழுத்து தேவையில்லாதவர் அதைத் தொடுவதே இல்லை.

ரேலிப்புக்கும் அதே மாதிரி ஓர் ஒட்டு நிரலகம் எழுதலாமே? எஸ்டிபி ட்ரூடைப்பிடம் குறியெண்ணுக்குப் பதிலாக வடிவ எண்ணைக் கொடுத்தும் படம் கேட்க முடியும். ஆகவே உங்களுக்கென்று தனிப் பட அடுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, ரேலிப்பிடம் 'இந்தச் சதுரத்தை இங்கே வரை' என்று மட்டும் சொன்னால் போதும். மையத்தில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

கரிசலின் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் எஸ்டிஎல்லில் ஆங்கில எழுத்தும் வெளியில்தான் நிற்கிறது.

கரிசல் (ஞாயிறு, இரவு 1.25)

மனமில்லாமல்தான் வடலி சொன்ன வழியில் இறங்கினேன். ரேலிப் மையத்தில் ஆங்கிலம் இன்னும் உள்ளே, நாம் வெளியே. அந்தக் கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம்.

முதல் முயற்சியில் கொம்பு அசையவே இல்லை. இரண்டு மணி நேரம் எழுத்துருவைச் சந்தேகித்தேன், அச்சுக்கோப்பு அக்காவையும் மனத்துக்குள் திட்டினேன். கடைசியில் பார்த்தால், ஹார்ஃப்பஸிடம் திசை இடமிருந்து வலம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். எழுத்து முறை தமிழ் என்று சொல்ல மறந்திருக்கிறேன். சொல்லாவிட்டால் அது எல்லா மொழிக்கும் பொதுவான வழியில் வெறுமனே அடுக்கிவிட்டுப் போய்விடும். அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் கொம்பு முன்னால் வந்தது, 'கு' வளைந்தது, 'கௌசல்யா' முழுசாக வந்தாள். மொத்தம் 340 வரி, ஹார்ஃப்பஸைத் தவிர்த்து.

ஒன்று மிச்சம். 'கௌ' அடித்துவிட்டு அழிவிசையை ஒருமுறை தட்டினால் ஔகாரக்குறி மட்டும் போய்க் 'க' நிற்கிறது. இது பிழையா, இப்படித்தான் இருக்க வேண்டுமா?

மூன்றுசுழி (ஞாயிறு, காலை 8.00)

கைப்பேசியிலும் அப்படித்தான் பழகியிருக்கிறோம், விட்டுவிடுங்கள். 'கொ' என்று அடிக்க நினைத்துக் 'கோ' அடித்துவிட்ட பிள்ளைக்கு முழு எழுத்தும் போனால்தான் எரிச்சல் வரும். என் ஐம்பது வரியை அழித்துவிட்டேன். நல்ல ஐம்பது வரி.

பழைய டர்போ (ஞாயிறு, காலை 8.40)

340 வரியையும் படித்தேன். பட அடுக்கு நிறைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எதுவும் எழுதவில்லை. 212-ஆம் வரியில் குறிப்பிட்டிருக்கிறேன். தனி நிரலகமாக இருக்கும்வரை பராமரிப்பில் என் பெயரையும் போடுங்கள். மூலத் திட்டத்துக்கு எடுத்துக்காட்டாக ஒன்றை மட்டும் அனுப்பிப் பார்க்கலாம், அதற்கு நான் தடையில்லை.

'ஸ்ரீ'யைச் சோதித்தீர்களா? ஸகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள், 2005-இல் யூனிகோடில் சேர்த்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று. நம் வகுப்பில் ஸ்ரீதர்கள் இரண்டு பேர் இருந்து, விசைப்பலகைக்கு ஒரு விதமாக அடித்தார்களானால் மதிப்பெண் பட்டியலில் யாருடையது யாருக்குப் போகும் என்று பாருங்கள்.

அச்சுக்கோப்பு (ஞாயிறு, காலை 9.10)

என் எழுத்துருவில் முதலாவதற்கு மட்டுமே வடிவம் வைத்திருக்கிறேன். இன்று மாலைக்குள் இரண்டாவதையும் சேர்த்து அனுப்புகிறேன்.