அரையாண்டு லீவில் ஜெய்சல்மேர் பாலைவன தேசியப் பூங்கா: வேலூரிலிருந்து எப்படிப் போவது, என்ன பார்ப்பது?

சத்துவாச்சாரி_ரவி

வணக்கம். டிசம்பர் கடைசியில் போகலாம் என்று இருக்கிறோம். நாலு பேர்: நான், மனைவி, ஆறாவது படிக்கும் பையன், 64 வயது அம்மா (மூட்டுவலி உண்டு). பையனுக்குக் கானமயில் (கிரேட் இந்தியன் பஸ்டர்ட் என்கிற பெரிய புல்வெளிப் பறவை) பார்த்தே ஆகணும். பேக்கேஜ்காரர்கள் எல்லோரும் "சம் மணல்மேடு, ஒட்டகச் சவாரி, ராத்திரி டென்ட்" என்றுதான் சொல்கிறார்கள். அதுதான் தேசியப் பூங்காவா? காட்பாடியிலிருந்து ரயில் எப்படி, அனுமதி எங்கே வாங்குவது, சொந்தக் காரில் போனால் சரிப்படுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வன்னிமரம்

ரவி சார், முதலில் அந்தப் பேக்கேஜை ஓரமாக வையுங்கள். பூங்கா 3,162 சதுர கி.மீ., ஜெய்சல்மேர், பார்மேர் என்று இரண்டு மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. அதில் மணல்மேடு ஒரு பகுதிதான். மீதியெல்லாம் கல்தரை, உப்புத்தரை, சேவண் புல் வளர்ந்த வெளி. கானமயில் இருப்பது அந்தப் புல்வெளியில். மணல்மேட்டில் ஒட்டகம் ஏறிவிட்டு வந்தால் பூங்காவைப் பார்த்ததாகவே ஆகாது.

நீங்கள் போக வேண்டிய இடம் சுதாசரி, பூங்காவுக்குள் இருக்கும் புல்வெளிப் பகுதி. ஜெய்சல்மேர் ஊரிலிருந்து ஏறக்குறைய 60 கி.மீ.; சம் மணல்மேடு 40 கி.மீ. சுதாசரிக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். பூங்கா அலுவலகம் ஜெய்சல்மேர் ஊரிலேயே இருக்கிறது. எல்லோருடைய ஆதாரையும் நகலோடு எடுத்துப் போங்கள். நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்: ராஜஸ்தானில் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவு, டிசம்பர் 25-ம் லீவு. வியாழன் ராத்திரி போய் இறங்கினால் வெள்ளிக்கிழமை ஒரே நாள்தான் கையில் இருக்கும். அதனால் வாரத்தின் முதல் பாதியில் போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் எடுங்கள்.

ஜீப்பை உள்ளூரில் அமர்த்துங்கள். பேசும்போதே "சுதாசரி, விடியற்காலை" என்று சொல்லிவிடுங்கள். "டெசர்ட் சஃபாரி" என்றால் நேரே மணல்மேட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் ஏழேகாலைத் தாண்டித்தான் வரும், நம்ம ஊரைவிட முக்கால் மணி நேரம் லேட். ஆறு மணிக்குக் கிளம்பினால் வெளிச்சம் வரும்போது புல்வெளியில் இருக்கலாம். பத்து மணிக்கு மேல் தரை சூடேறிக் கானல் எழும்பும். தூரத்தில் நிற்கும் பறவை பைனாகுலரில் நெளிந்துதான் தெரியும். 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் ஒன்று போதும், பையனுக்கும் அதுதான் வசதி.

கானமயிலைத் தேடும்போது முழுப் பறவையைத் தேடாதீர்கள். புல்லுக்கு மேலே நட்டுவைத்த குச்சி மாதிரி வெள்ளைக் கழுத்து மட்டும் தெரியும், உச்சந்தலை கறுப்பு. நாலு எட்டு வைக்கும், நிற்கும், மறுபடி நடக்கும். ஆண் பறவை 15 கிலோ வரை வரும். கண் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. உடம்பும் கனம், சட்டென்று திரும்ப முடியாது. உயர் அழுத்த மின்கம்பியில் மோதிச் சாவது அதனால்தான். 2021-ல் உச்ச நீதிமன்றம் கம்பிகளை நிலத்துக்கு அடியில் கொண்டுபோவது பற்றி உத்தரவு போட்டதும் இந்தப் பறவைக்காகத்தான். மிஞ்சியிருப்பவை 150-க்கும் கீழே என்றுதான் கணக்கு. ஒரு காலத்தில் தமிழ்நாடு வரைக்கும் இருந்த பறவை இது. ஆகவே தயவுசெய்து டிரைவரைப் "பக்கத்தில் போ, பக்கத்தில் போ" என்று விரட்டாதீர்கள். தடத்தை விட்டு வண்டி இறங்கக் கூடாது, மொபைலில் பறவைச் சத்தம் போடக் கூடாது, டிரோன் கூடவே கூடாது. சம் பக்கத்தில் 2019-ல் தொடங்கிய இனப்பெருக்க மையம் ஒன்று உண்டு; அது சுற்றிப் பார்க்கிற இடம் இல்லை.

கானமயில் கண்ணில் படவில்லை என்றாலும் காலை வீணாகாது. சிங்காரா மான், வெண்கால் நரி, குளிர்காலத்துக்கு வரும் பிணந்தின்னிக் கழுகுகள் எல்லாம் அங்கே உண்டு. நம்ம கோயில்களில் நிற்கும் வன்னி மரம்தான் அங்கே கேஜ்ரி, அந்த மாநிலத்தின் மரமே அதுதான். அதன் காயைத்தான் சாங்கிரி என்று சமைத்துப் போடுவார்கள், கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன்

காட்பாடியிலிருந்து இரண்டு வழி. சென்னை போய் அங்கிருந்து ஜோத்பூர் பக்கம் நேரடி ரயில் பிடிக்கலாம். தினமும் கிடையாது, கிட்டத்தட்ட இரண்டு நாள் ஆகும். இல்லாவிட்டால் கேரளா எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நிற்கும், அதில் டில்லி போய் அங்கிருந்து ஜெய்சல்மேர் ரயில். டில்லியில் ஒரு ராத்திரி இடைவெளி விடுங்கள், குளிர்காலப் பனிமூட்டத்தில் வடக்கே வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகும். அம்மாவை வைத்துக்கொண்டு போவதால் சென்னை வழியே மேல். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், அன்றைக்குக் காலையிலேயே போட்டால்தான் கீழ் பெர்த் அமையும். ஜோத்பூர்-ஜெய்சல்மேர் சாலையில் சுமார் 5 மணி நேரம்.

திரும்பும்போது வழியில் பலோதி பக்கம் கீச்சன் கிராமத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் குர்ஜான் கொக்குகள் வந்து இறங்கும், ஊர்க்காரர்களே தானியம் போடுகிறார்கள். 2025-ல் ராம்சார் தலமாக (உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக) அறிவித்த இடம். காலை நேரம்தான் சரி.

ஸ்டெப்னி

கார் வேண்டாம் சார். பெங்களூரு, புனே, அகமதாபாத் வழியாக ஒரு பக்கமே 2,200 கி.மீ.க்கு மேல், லீவு ரோட்டிலேயே போய்விடும். அப்படியும் யாராவது போவதானால் தார் ரோட்டை விட்டு இறங்காதீர்கள். மணலில் சக்கரம் புதைந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாகத்தான் போகும். உடனே நிறுத்தி, ஆட்களை இறக்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைத் தள்ளி, டயர் காற்றை 18-20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுக்கணும். தார் ரோடு ஏறியதும் காற்று நிரப்பாமல் வேகம் போகக் கூடாது, டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். கையில் ஒரு 12 வோல்ட் ஏர் பம்ப் கட்டாயம்.

சத்துவாச்சாரி_ரவி

ரொம்ப நன்றி. ரயில்தான் என்று முடிவு. அம்மாவுக்கு அந்த ஜீப் தாங்குமா? குளிர் எப்படி? டென்ட்டா, ரூமா?

வன்னிமரம்

அம்மாவுக்கு முன் சீட். ஒட்டகம் வேண்டவே வேண்டாம். எழும்போதும் உட்காரும்போதும் இடுப்பைத் தூக்கிப் போடும். அவர்களுக்கு ஆகல் மரப் புதைபடிவப் பூங்கா தோதான இடம், ஊரிலிருந்து 17 கி.மீ. திருவக்கரையில் பார்ப்பது போலக் கல்லான மரங்கள், 18 கோடி ஆண்டுப் பழசு.

தங்குவது ஊருக்குள் ரூமில். லீவு சமயத்தில் சம் டென்ட்டுகளில் ராத்திரி ஸ்பீக்கர் ஓயாது, மறுநாள் ஆறு மணிக்கு யாரும் எழ மாட்டீர்கள். மணல்மேடு பார்க்கணும் என்றால் கூரி பக்கம் சாயங்காலம் போய் வாருங்கள், கூட்டம் குறைவு.

பகலில் 24, 25 டிகிரி, விடியற்காலை 6, 7. ஓடும் ஜீப்பில் காற்று முகத்தில் அடிக்கும்போது ஏலகிரி ஸ்வெட்டர் காணாது. உள்ளே ஒரு தெர்மல், மேலே காற்று புகாத ஜாக்கெட், குல்லா, கையுறை. ஒன்பது மணிக்கு ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டி வரும், அதற்கு ஒரு பை. காற்று வறண்டது, வேர்ப்பதே தெரியாது, தாகமும் எடுக்காது. அதற்காகத் தண்ணீரை விட்டுவிடாதீர்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர். உதட்டுக்கும் மூக்கு ஓரத்துக்கும் தேங்காய் எண்ணெய். சுதாசரி போகும் வழியில் கழிப்பறையை நம்ப முடியாது, அம்மாவைக் கிளம்பும் முன்பே போய்வரச் சொல்லுங்கள். எல்லோருக்கும் மூடிய ஷூ: நம்ம பக்கத்துச் சுருட்டை விரியன் அங்கேயும் உண்டு, குளிரில் வெளியே வருவது குறைவு என்றாலும் பையன் புதருக்குள் கை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.